வேனில் வீடு, வைகையில் வெள்ளம்: நான் கிளம்பியது தப்பா?

சோழவந்தானுக்கு மேற்கே, வைகைக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 61. அரசுப் பேருந்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் தென்னை, கால் ஏக்கரில் வெற்றிலைக் கொடிக்கால், இரண்டு பசு, ஒரு கன்று. ஓய்வுப் பணத்தில் பழைய 12 சீட் சுற்றுலா வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு கட்டில், சின்னச் சமையல் மேடை, கூரையில் தண்ணீர்த் தொட்டி, பின்னால் ஒரு கழிப்பிடம் என்று அதை வீடாகவே மாற்றியிருக்கிறார். மனைவியோடு காசி வரை போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை.

காசிக்கு முன்னால் வெள்ளம் வந்துவிட்டது. கடந்த கார்த்திகையில் ஒருநாள் மாலை, கரையோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகும்படி ஊரில் ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள். "வண்டிதான் இருக்கிறதே, தண்ணீர் வந்தால் ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம்" என்று இருந்துவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு வாசற்படியில் தண்ணீர். பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் 84 வயது அம்மா வரமாட்டேன் என்று அழ, அவரைக் கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றினார். மனைவியோடு பக்கத்து வீட்டார் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டார். ஊருக்கு வெளியே தரைப்பாலத்தில் வண்டி நின்றுபோனது. நான்கு முறை சாவியைத் திருகிப் பார்த்தும் கிளம்பவில்லை. டிராக்டர் வைத்து இழுத்து, நான்கு வழிச்சாலை ஓரத்தில் நிறுத்தி, நான்கு இரவு அதிலேயே தங்கினார்கள்.

மறுநாள் மாடுகளைப் பார்க்கத் திரும்பினால் போலீஸ் தடுப்பு. வாக்குவாதம். வழக்குப் போடுவோம் என்றார்களாம். தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தபோது ஒரு பசு தொழுவத்தில் கட்டிய கயிற்றோடு செத்துக் கிடந்தது. வீட்டின் பின்சுவர் விழுந்திருந்தது. தை மாதம் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தது. சாலை ஓரத்தில் வண்டியைப் பார்த்த போக்குவரத்துத் துறை அதிகாரி, பர்மிட் இல்லாமல் ஆள் ஏற்றியதற்கும் வண்டியை மாற்றியதற்கும் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். முகாம் பதிவேட்டில் பெயர் இல்லாததால் நிவாரணம் கிடையாது என்று ஊரில் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு, சென்னையில் இருக்கும் தம்பி, "அம்மாவைப் பலவந்தமாகத் தூக்கிப் போனதற்கு உன்மேல் கேஸ் போடுவேன்" என்கிறாராம்.

"நான் செய்ததில் எது சரி, எது தப்பு? வருகிற மழைக்கும் இதே வண்டியில் கிளம்பலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

ஐயா, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது: "கயிறை அவிழ்த்து விட்டிருந்தால் நீந்திப் போயிருக்கும்." அதற்குத்தான் முதலில் பதில் சொல்லத் தோன்றுகிறது. அந்த இருட்டில் எட்டு உயிரை மேட்டில் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் அம்மா இன்றைக்கும் உங்கள் கையால் கஞ்சி குடிக்கிறார். பசுவை விட்டுவந்த துக்கத்தைச் சட்டத்தால் தீர்க்க முடியாது. ஆனால் அதை ஒரு குற்றமாக நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. மற்றதையெல்லாம் இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சிலதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, சிலதில் இல்லை. இரண்டையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

தரைப்பாலத்தில் நடந்தது

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால் உங்கள் எல்லாப் பிரச்சினையும் தொடங்கிய இடம் இதுதான். மூன்று மணிக்கு அந்தத் தரைப்பாலத்தில் இறங்காமல், முந்தின நாள் மாலை ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் எஞ்சின் போயிருக்காது, போலீஸ் தடுப்பில் நிற்க வேண்டி வந்திருக்காது, மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

"அணையில் மூன்றாவது எச்சரிக்கை வந்தால்தான் எங்கள் ஊருக்கு ஆபத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். கரையோர ஊர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வைகை அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மூன்றாவது எச்சரிக்கை என்பது உபரி நீரை ஆற்றில் திறக்கும் நேரம். அதாவது அது மூட்டை கட்டத் தொடங்கும் நேரமல்ல, ஊரைவிட்டு வெளியே இருக்க வேண்டிய நேரம். இன்னொன்றையும் கவனியுங்கள். மஞ்சளாறும் மருதாநதியும் கொடைக்கானல் மலைத் தண்ணீரைக் கொண்டுவந்து, அணைக்குக் கீழேதான் வைகையில் சேர்கின்றன. மலையில் ராத்திரி கொட்டினால், அணையில் ஒரு ஷட்டரைக்கூடத் தூக்காமலே உங்கள் ஊரில் ஆறு ஏறும். அணையின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தண்ணீர் சொல்லாமல் வரும்.

நான் மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊரில் வளர்ந்தவன். மறுகால் பாயும்போது முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்கிய டிராக்டர் டிரெய்லர் பக்கவாட்டில் நழுவிப் போனதைப் பத்து வயதில் நின்று பார்த்தேன். ஆழத்தைவிட இழுப்புதான் மோசம். ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தால் ஆள் நிலைதடுமாறுவார். ஒரு அடியில் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும். இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். உங்கள் வேன் உயரமானது, பக்கவாட்டுத் தகடு பெரியது, கூரையில் வேறு தண்ணீர்த் தொட்டி. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த உங்களுக்கு நான் வண்டி பற்றிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் இருட்டில், சாலை எங்கே முடிகிறது, அரித்துப்போன பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று எந்த டிரைவருக்கும் தெரியாது. தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் வண்டியை மறந்துவிடுங்கள். ஊருக்குள்ளேயே உயரமான மாடி வீட்டில் அம்மாவை ஏற்றிவிட்டு 1077-க்கு, அதாவது மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, போன் போடுங்கள்.

வண்டியை மாற்றியதும் வந்த நோட்டீஸும்

"என் காசில் வாங்கிய வண்டி, உள்ளே நான் கட்டில் போட்டால் யாருக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற வேண்டுமானால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் ஆர்.சி.யில் இன்னும் "மேக்ஸி கேப், 12 இருக்கை" என்றுதான் இருக்கிறது. நோட்டீஸின் இந்தப் பகுதியை எதிர்த்துப் போராடுவதில் பலன் இல்லை. அபராதத்தைக் கட்டிவிட்டு, வண்டியை முறைப்படுத்துங்கள்.

முறைப்படுத்த வழி இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று பதிவிலேயே தனி வகை உண்டு. மோட்டார் கேரவன்களுக்கு ஏஐஎஸ்-124 என்ற தரநிலையும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பாடி பில்டர் மூலம் அந்த அளவுக்கு வண்டியைக் கொண்டுவந்து, ஆர்.சி.யில் வகை மாற்றம் வாங்க வேண்டும். பழைய வண்டிக்கு இந்தச் செலவு தகுமா என்பதை மட்டும் முதலிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். தகாது என்றால் சீட்டுகளை மறுபடி மாட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் ஒரு வழிதான். காசிக்கு ரயிலிலும் போகலாம்.

நோட்டீஸின் இன்னொரு பகுதி, பர்மிட் இல்லாமல் ஆள் ஏற்றியது. இதில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. 192ஏ பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் சிறையும் வரலாம் என்று உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவைப் பலர் படிப்பதில்லை. அவசர நேரத்தில் நோயாளியையோ காயம்பட்டவரையோ ஏற்றிச் செல்ல வண்டியைப் பயன்படுத்தினால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று அதில் இருக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: ஏழு நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் தெரிவிக்கவில்லை. அந்த ஏழு நாளில் நான்கு நாள் சாலை ஓரத்தில் இருந்தீர்கள், மீதி நாளில் சேறு அள்ளினீர்கள் என்பதை விளக்கமாக எழுதி, அம்மாவின் மருத்துவச் சீட்டையும், கூட வந்த ஆறு பேரின் கையெழுத்தோடு ஒரு வாக்குமூலத்தையும் இணைத்துப் பதில் கொடுங்கள். கூலி வாங்காமல் ஏற்றியதை அவர்களே எழுதட்டும். தாமதத்தை மன்னிக்க வேண்டும் என்ற வேண்டுகோளையும் அதிலேயே வையுங்கள்.

சமையல் மேடை பற்றி ஒரு வார்த்தை. வீட்டுச் சிலிண்டரை வண்டிக்குள் வைத்து, மழைக்குக் கண்ணாடியை எல்லாம் மூடிக்கொண்டு டீ போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்கு மதுரை ரயில் நிலையம்தான் நினைவுக்கு வந்தது. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் சிலிண்டரில் டீ போட முயன்று தீப்பிடித்து, லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களில் ஒன்பது பேர் கருகிப் போனார்கள். எழுந்து ஓட முடியாத ஓர் அம்மாவைப் படுக்க வைத்திருக்கும் வண்டியில் சிலிண்டர் வேண்டவே வேண்டாம். கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் மூடிய வண்டிக்குள் அல்லது ஜன்னல் பக்கத்தில் வைத்தால் அந்தப் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். பிளாஸ்க், அவல், வாழைப்பழம், பிரெட். நான்கு நாள் ஓட்டிவிடலாம்.

இன்சூரன்ஸ் மறுப்பு

கம்பெனி இரண்டு காரணம் சொல்லியிருக்கிறது. ஒன்று, வண்டியை மாற்றியதைத் தெரிவிக்கவில்லை. இரண்டு, தண்ணீருக்குள் நின்ற எஞ்சினைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்ததால்தான் கனெக்டிங் ராடு வளைந்தது. அது வெள்ளத்தின் நேரடிச் சேதமல்ல என்கிறார்கள்.

நீங்கள் எடுத்திருப்பது முழு பாலிசி என்பதால், வெள்ளச் சேதம் அதில் அடங்கும். வயரிங், மெத்தை, உள்தகடு, பிரேக், கியர் பாக்ஸ் சுத்தம் செய்தது, இழுத்து வந்த செலவு எல்லாம் நீங்கள் கேட்க வேண்டியவை. எஞ்சின்தான் சிக்கல். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த பிறகு சாவியைத் திருகினால் பிஸ்டன் அந்தத் தண்ணீரை அழுத்த முடியாமல் ராடு வளைந்துவிடும். இதைத் தவிர்த்திருக்கக்கூடிய விளைவுச் சேதம் என்று கம்பெனிகள் ஒதுக்கிவிடுகின்றன. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்க்கும் கவர் உங்கள் பாலிசியில் இல்லை. அதனால் எஞ்சின் தொகை முழுதும் கைக்கு வரும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். அதே சமயம், பாலத்தின் நடுவில் பின்னால் எட்டு பேரை வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பப் பார்த்தது அலட்சியமல்ல, உயிரைக் காக்கும் முயற்சி. அப்படி வாதாட இடம் இருக்கிறது.

முதல் காரணத்துக்குப் பதில் இருக்கிறது. பாலிசி நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுத் தொகையையும் மறுக்கக் கூடாது, 75 சதவீதம் வரை கொடுத்துத் தீர்க்கலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2008-லும் 2010-லும் காட்டியிருக்கிறது. ஆனால் பர்மிட்டே இல்லாமல் வண்டி ஓட்டுவதை 2018-இல் அதே நீதிமன்றம் அடிப்படையான சட்ட மீறலாகவே பார்த்தது. உங்களுடையது வாடகைக்கு ஓடாத வண்டி, அன்றைக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, செல்லுபடியில் இருந்தது என்கிறீர்கள். இந்த இரண்டும்தான் உங்களுக்குப் பிடிமானம்.

கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால், பாலிசிதாரர் புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அதில் திருப்தி இல்லையென்றால் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். உங்கள் தொகைக்கு நான் ஆம்பட்ஸ்மேன் வழியைத்தான் சொல்வேன்.

முகாம், வீடு, பசு

முகாம் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் நிவாரணம் இல்லை என்பது தவறு. முகாமில் கொடுக்கும் சாப்பாடும் பாயும் அங்கே தங்கியவர்களுக்கு. வீடு, மாடு, பயிர் நிவாரணம் சேதத்தைப் பார்த்துக் கொடுப்பது. நீங்கள் எங்கே படுத்தீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கணக்கெடுக்க வந்த நாளில் நீங்கள் வீட்டில் இல்லை, பக்கத்தில் யாரும் உங்களுக்காகச் சொல்லவில்லை. அதனால்தான் விடுபட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை வண்டியில் தங்கினாலும் முகாமுக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். தேடுகிறவர்களுக்கும் அது உதவும்.

2022-26 காலத்துக்கு மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண அளவுப்படி, கறவைப் பசு ஒன்றுக்கு 37,500 ரூபாய். குறைந்தது 15 சதவீதம் சேதமான வீட்டுக்கு, காரை வீடென்றால் 6,500, மண்வீடென்றால் 4,000. வீட்டை ஒட்டிய மாட்டுத் தொழுவத்துக்கு 3,000. இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரில் கிடந்த வீட்டுக்குத் துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500. மாநில அரசு இதைவிடக் கூடுதலாக அறிவிப்பதும் உண்டு. கொடிக்காலுக்குத் தோட்டக்கலைத் துறையில் தனியாக மனு வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்திருந்தால்தான் எடுப்பார்கள்.

பசுவைப் புதைத்துவிட்டீர்கள், கால்நடை மருத்துவர் பார்க்கவில்லை. இது பெரிய குறைதான். இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். காதில் மஞ்சள் டேக் போட்டிருந்தார்கள் அல்லவா? அதில் இருந்த 12 இலக்க எண் கால்நடை மருந்தகப் பதிவில் இருக்கும். பால் சொசைட்டி பாஸ் புத்தகத்தில் கார்த்திகை வரை இரண்டு மாட்டுப் பால் அளவும், அதற்குப் பிறகு பாதியாகக் குறைந்ததும் தெரியும். என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு அந்தப் பாஸ் புத்தகம்தான் கைகொடுத்தது. அட்டையில் சேறு காய்ந்து ஓடாகப் பிடித்திருந்தது. உள்ளே நீல மையில் லிட்டர் கணக்கு, ஒரு தேதிக்குப் பிறகு 6.2 என்று இருந்தது 2.8 ஆகியிருந்தது. பத்துப் பேர் சாட்சி சொன்னதைவிட அந்த இரண்டு எண்ணைத்தான் அதிகாரி அதிக நேரம் பார்த்தார். இவற்றோடு பஞ்சாயத்துத் தலைவர் கடிதம், புதைத்தபோது போனில் எடுத்த படம் எல்லாம் சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பதால் உரிமை இல்லை என்று நினைக்க வேண்டாம். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, ரேஷன் கார்டு மூன்றும் நீங்கள்தான் குடியிருக்கிறீர்கள் என்று காட்டும். ஆனாலும் பட்டாவை மாற்றிவிடுங்கள். ஜமாபந்தியில் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றோடு மனு கொடுக்கலாம். தொழுவத்தின் ஒரு பகுதி ஆற்றுப் புறம்போக்கில் நீண்டிருப்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிவாரணம் அங்கீகாரம் உள்ள கட்டடத்துக்குத்தான். அந்தப் பகுதிக்குக் கேட்காதீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் பொய்யான நிவாரணக் கோரிக்கைக்கு இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. மறுபடி தொழுவம் போடும்போது மேட்டுப் பக்கமாகத் தள்ளிப் போடுங்கள்.

தடுப்பில் நடந்த வாக்குவாதம்

"என் வீட்டுக்குப் போக என்னை யார் தடுப்பது?" என்று போலீஸிடம் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, அங்கே உங்கள் மாடு கட்டிக் கிடக்கிறது. ஆனால் வெள்ளப் பகுதிக்குள் வண்டியும் ஆளும் போவதை, வருவதைக் கட்டுப்படுத்த அதே பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் தருகிறது. சொந்த வீடு அதற்கு விலக்கல்ல. தக்க காரணமின்றி மீறினால் 51-ஆவது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை, உயிருக்கு ஆபத்து விளைந்தால் இரண்டு வருஷம். நீங்கள் பேசினீர்கள், மீறிப் போகவில்லை. இதுவரை வழக்கு எதுவும் வரவில்லை என்பதால் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். கால்நடை சிக்கியிருந்தால் தடுப்பில் நிற்பவரிடம் வாதாடுவதைவிட 1077-க்கும், கால்நடை ஆம்புலன்ஸ் 1962-க்கும் போன் செய்து, இடத்தையும் எண்ணிக்கையையும் சொல்லிவிடுவது பலன் தரும்.

அம்மாவும் தம்பியும்

தம்பி சொல்கிற கேஸ் நிற்காது. பெரிய கேட்டிலிருந்து ஓர் ஆளைக் காப்பாற்ற, கெட்ட எண்ணமில்லாமல் செய்த செயலைக் குற்றமாகப் பார்க்க முடியாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. வாசலில் தண்ணீர் நிற்கும்போது படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கியது அதில்தான் வரும். முதியோரைக் கைவிட்டுப் போவதுதான் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் குற்றம். நீங்கள் செய்தது அதற்கு நேர் எதிர்.

ஆனால் ஐயா, சட்டம் உங்கள் பக்கம் இருப்பதால் அம்மாவின் அழுகை முடிந்துபோன விஷயம் ஆகிவிடாது. ஆறு மாதமாக அவர் உங்களோடு சரியாகப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, கணவரையும் அந்த வாசலில் இருந்தே வழியனுப்பியவர் அவர். மழை இல்லாத ஒரு மத்தியானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "மறுபடி தண்ணீர் வந்தால் உன்னை எங்கே கொண்டுபோகட்டும்? எதையெல்லாம் கூட எடுத்துக்கொள்ளட்டும்?" வெற்றிலைப் பெட்டியோ அப்பாவின் போட்டோவோ, அவர் சொல்வதை ஒரு பையில் போட்டு அவர் தலைமாட்டிலேயே மாட்டிவையுங்கள். தம்பியையும் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கிளம்பும்போது அது அம்மாவும் சேர்ந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

மாடிப்படி ஏறும் பள்ளிக்கூட முகாமுக்கு அம்மாவைக் கொண்டுபோக முடியாது என்று தயங்கியதும் சரியான தயக்கமே. பேரிடர் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு சொல்கிறது, அவர்கள் விவரத்தை மாவட்ட அளவில் பதிந்து வைக்கவும் சொல்கிறது. அம்மாவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கி, வி.ஏ.ஓ.விடமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள்: இந்த வீட்டில் நடக்க முடியாத ஒருவர் இருக்கிறார், தரைத்தள முகாம் வேண்டும், முதலில் கிளப்ப வேண்டியவர் இவர்.

ஐப்பசிக்கு முன்னால்

வரும் மழைக்கு அந்த வண்டியில் கிளம்பலாமா என்றால், ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் சரியானால் கிளம்பலாம். இல்லையென்றால் ஓர் ஆம்னி வேன் வாடகைக்குச் சொல்லி வைத்தாலே போதும். உங்கள் அம்மாவுக்கு வண்டிக்குள் வீடு தேவையில்லை, மேட்டில் ஓர் இடம்தான் தேவை. அந்த இடத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். நான்கு வழிச்சாலை ஓரம் கூடவே கூடாது. ராத்திரியில் பின்னால் வரும் லாரிக்கு நிற்கிற வண்டி தெரியாது, அப்படி நிறுத்துவது சட்டப்படியும் குற்றம். கண்மாய்க் கரைக்குக் கீழே, புளியமரத்தடியில், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். வாடிப்பட்டிப் பக்கம் மேட்டில் சொந்தக்காரர் களமோ மண்டபமோ இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள்.

பத்திரம், பட்டா, ஆர்.சி., பாலிசி, அம்மாவின் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் போனில் படமெடுத்துத் தம்பிக்கும் அனுப்பிவிடுங்கள். வீட்டின் நான்கு பக்கத்தையும், மாடுகளின் காது டேக்கையும் தேதி தெரியும்படி எடுத்துவையுங்கள். வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 2021 ஏப்ரல் முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசியை விற்கிறார்கள். அதில் வெள்ளமும் அடங்கும், நிலத்தின் விலை இல்லாமல் கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுக்குத்தான் தொகை. உங்கள் மண்சுவர்ப் பகுதியையும் சேர்ப்பார்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

ஒலிபெருக்கியில் சொன்ன அன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும். முதலில் மாடும் கன்றும் மேட்டுக்கு. ஓட்டிப் போக முடியாவிட்டால் கயிறை அவிழ்த்து, தொழுவத்துப் படலைத் திறந்துபோட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதுவரைக்கும் மழைக்காலம் முழுக்க, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட உங்கள் வீட்டம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.

நோட்டீஸுக்குப் பதில் கொடுக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும்போது ஆர்.சி., எஃப்.சி., அம்மாவின் சீட்டு, ஆறு பேரின் வாக்குமூலம், வண்டியின் போட்டோ இவற்றை மட்டும் எடுத்துப் போங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.